பேர் இல்லாத பன்னெண்டு பெட்டி

டேட்டாபேஸ் பாத்துக்கற வேலை, வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்தற வேலை மாதிரி. தீர்ந்துபோனாதான் நம்ம ஞாபகம் வரும், அதுவும் திட்டறதுக்கு. ஏதாவது ஒரு பிளான்ட்டுல ஐடி பாத்து, "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு"ங்கற போனை சாப்பாட்டுக் கையோட எடுத்தவங்க யாராவது இதைப் படிச்சா, உக்காருங்க, உங்களுக்குத்தான் எழுதறேன். ஒரகடத்துல கார் கம்பெனிகளுக்குத் தகடு அழுத்திக் குடுக்கற ஒரு பிளான்ட்டுல நான் ஐடி. மொத்த டிபார்ட்மென்ட்டும் நான் ஒருத்திதான், அதுவும் கான்ட்ராக்ட். தண்டலம் பக்கம் காலேஜ் படிச்சேன், சேரப்பணஞ்சேரியில வீடு, காலையில கம்பெனி பஸ்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இதுல சிரிக்கறதுக்குக் கொஞ்சம் இருக்கு. ஆனா ஏழுமலைன்னு ஒருத்தரோட வலது கையும், வேலையும், "நான் தப்பு பண்ணல"ன்னு அவர் சொல்ற பேச்சும் இதுல மாட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சி என் டேட்டாபேஸுல நாலு வரி. அந்த நாலு வரியை நான் எப்படித் தொலைச்சேன்ங்கறதுதான் மத்ததெல்லாம்.

லாட்ஜ் ரூம்

எங்க பிளான்ட்டுல ஒவ்வொரு பிரஸ் மெஷின் பக்கத்துலயும் ஒரு டச் ஸ்க்ரீன் இருக்கு. மெஷின்ல கோளாறுன்னா ஆபரேட்டர் அதுல அமுக்கணும். எந்த மெஷின், என்ன கோளாறு, யார் அமுக்கினது, எத்தனை மணிக்கு, சூப்பர்வைசர் என்ன பதில் போட்டாரு, எல்லாம் டேட்டாபேஸுல போய் உக்காரும். இந்த சாஃப்ட்வேரைப் போட்டது சென்னையில ஒரு சின்ன கம்பெனி. அங்கேருந்து பிரசன்னான்னு ஒருத்தர் வந்தாரு. ரெண்டு நாள் ஏசி ரூம்ல உக்காந்து தட்டிட்டு, "எல்லாத்தையும் கன்டெய்னர்ல போட்டுட்டேன் மேடம், இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்"னாரு.

கன்டெய்னர்னா பயப்படாதீங்க. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ் ரூம் எடுக்கறோம் இல்ல, அந்த மாதிரி. ரூமைக் காலி பண்ணிட்டு சாவி குடுத்தா, உள்ள விட்டதெல்லாம் போச்சு, அடுத்தவனுக்குப் புது பெட்ஷீட். டேட்டாபேஸ் அப்படி ஒரு ரூமுக்குள்ள ஓடினா, டேட்டாவை ரூமுக்கு வெளியே ஒரு பெட்டியில வைக்கணும். எங்க பாஷையில அதுக்கு வால்யூம்னு பேரு, நான் பெட்டின்னே சொல்றேன். அந்தப் பெட்டிக்கு நாமளே ஒரு பேர் வைக்கணும். வைக்கலன்னா, ரூமைப் புதுசா போடற ஒவ்வொரு தடவையும் அது தானா ஒரு புதுப் பெட்டியை எடுத்துக்கிட்டு, நம்பரும் எழுத்துமா அறுபத்திநாலு எழுத்துல ஒரு உளறலை அதுமேல ஒட்டிக்கும். பழைய பெட்டி மூலையில கிடக்கும். அது யாருதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

பிரசன்னா பேர் வைக்கல. எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாதுங்கறது நிஜம், கேட்டுத் தெரிஞ்சிருக்கணும்ங்கறதும் நிஜம். "டேட்டா எங்க சார் இருக்கு?"ன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் பையை மாட்டிக்கிட்டே சொன்னாரு:

"உள்ளதான் மேடம் இருக்கு, எங்க ஓடிடப் போவுது?"

திங்கக்கிழமை காலை

ஒரு ஞாயித்துக்கிழமை பிரசன்னா சென்னையில இருந்தபடியே புது வெர்ஷன் போட்டாரு, அதாவது பழைய ரூமைக் கலைச்சுட்டுப் புது ரூம். திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல எல்லா ஸ்க்ரீனும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஒரு வருஷத்துக் கோளாறுப் பதிவு ஒண்ணுகூட இல்ல. பிளான்ட் மேனேஜர் ரகுநாதன் சார் என் ரூம் வாசல்ல நின்னு கத்தின கத்துல, பக்கத்து கேன்டீன்ல இட்லி எடுத்துக்கிட்டு இருந்தவங்க தட்டோட திரும்பிப் பாத்தாங்க. மானம் போச்சு.

மத்தியானம் வரைக்கும் நோண்டி நோண்டி, அந்த உளறல் பேர் வச்ச பழைய பெட்டிக்குள்ள டேட்டா பத்திரமா இருக்கறதைக் கண்டுபிடிச்சேன். புதுப் பெட்டிக்குக் காப்பி பண்ணேன், எல்லாம் திரும்பி வந்துச்சு. "சார், இது கடவுள் புண்ணியம். ஒரு ரெண்டு மணி நேரம் சிஸ்டத்தை நிறுத்திக் குடுங்க, பெட்டிக்குப் பேர் வச்சு ஒழுங்கா கட்டிடறேன்"னு கெஞ்சினேன். ரெண்டு மணி நேரமாவது, நிறுத்தறதாவது! அதுக்கப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே கூத்துதான். புதுப் பெட்டி வரும், நான் பழசுலேருந்து காப்பி பண்ணுவேன், பழசு அங்கயே கிடக்கும். மூணு தடவை மெயில் போட்டேன். மூணாவது மெயிலுக்கு ரகுநாதன் சார் நேர்லயே வந்து பதில் சொன்னாரு:

"இப்ப ஓடுதில்ல மேடம்? ஓடறதை எதுக்கு நோண்டறீங்க?"

வந்துகீதா மேடம்?

ஏழுமலை அண்ணன் பதினோராம் நம்பர் பிரஸ். பதினாறு வருஷ ஆபரேட்டர், எங்க ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவுல ஒரு ஏரிதான். பிளான்ட்டுல அந்த டச் ஸ்க்ரீனை மதிச்ச ஒரே மனுஷன் அவர்தான். மத்தவங்க முடிஞ்சவரைக்கும் அமுக்க மாட்டாங்க. அமுக்கினா மெஷின் நின்ன நேரம் ஏறும், டார்கெட் குறையும், சூப்பர்வைசர் தினகரன் லைன்ல எல்லார் முன்னாடியும் வச்சுக் கிழிப்பாரு. எதுக்கு வம்புன்னு ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.

பதினோராம் நம்பர்ல லைட் கர்ட்டன் சரியில்ல. கை வைக்கற இடத்துக்கு முன்னாடி குறுக்கால ஒளி போகும், கை உள்ள போனா ஒளி தடைபட்டு பிரஸ் அப்படியே நின்னுடணும். அது ஒரு நாள் நின்னுச்சு, ஒரு நாள் நிக்கல. ஏழுமலை அண்ணன் மூணு வாரத்துல நாலு தடவை அமுக்கினாரு. நாலு தடவையும் ரெண்டே நிமிஷத்துல தினகரன் "சரிசெய்யப்பட்டது"ன்னு போட்டு மூடியிருக்காரு. ஃபிட்டர் எட்டிக்கூடப் பாக்கல.

நாலாவது தடவை அமுக்கிட்டு, டீ டைம்ல என் ரூமுக்கு வந்தாரு. "நான் அமுக்கினது வந்துகீதா மேடம்?" ஸ்க்ரீன்ல எடுத்துக் காட்டினேன். நாலு வரி. ஒவ்வொண்ணா விரல் வச்சுப் படிச்சாரு. பிரின்ட் கேட்டாரு. பிரின்ட் எடுக்க மேனேஜர் கையெழுத்து வேணும். போனுல போட்டோ எடுக்கலாம்னா, போனை கேட்லயே வாங்கி வச்சுடறாங்க. "எதுக்குண்ணா பிரின்ட்டு, இது இங்கயேதான் இருக்கும், எங்கயும் போகாது"ன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால. அவர் தலையை ஆட்டிக்கிட்டாரு.

"போவாதுன்னா சரி மேடம், நாளைக்கு எவனாச்சும் கேட்டா காட்டணும் இல்ல?"

சிவப்பு ஸ்டிக்கர்

பிளான்ட்டுல வேலை செஞ்சவங்களுக்கு ஃபைவ் எஸ் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. தெரியாதவங்களுக்காக: ஜப்பான்காரங்க சொல்லிக்குடுத்த சுத்தம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் மஞ்சள் கோடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர்ச்சீட்டு. எங்க ஆபீஸ்ல குப்பைத்தொட்டி மேல "குப்பைத்தொட்டி"ன்னு எழுதியிருக்கும். பேர் ஒட்டாத பொருள் கண்ணுல பட்டா சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டினதை ஆயுத பூஜைக்குள்ள யாரும் "என்னுது"ன்னு கேக்கலன்னா தூக்கி வெளியே போட்டுடுவாங்க. ஒருதரம் என் டிபன் பாக்ஸுக்கே ஒட்டிட்டாங்க, நான் ஓடிப்போய் மீட்டேன்.

இதுக்குப் பொறுப்பு ஹெச்ஆர் ஸ்டெல்லா மேடம். அந்த வருஷம் பூஜை முடிஞ்சதும் கஸ்டமர் ஆடிட். அதனால கம்ப்யூட்டருக்குள்ளயும் ஃபைவ் எஸ் பண்ணணும்னு புதுசா ஒரு ஃபாரம். என் ரூமுக்கு வந்து, "உள்ள என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் காட்டுங்க"ன்னாங்க. காட்டினேன். பன்னெண்டு பெட்டி, பன்னெண்டுக்கும் உளறல் பேரு. சத்தியமா சொல்றேன், எனக்கே கண்ணை உறுத்துச்சு. ஏழு வருஷமா அந்த மஞ்சள் கோட்டுக்குள்ளயே நடந்து பழகிட்டேன், பேர் இல்லாததைப் பாத்தா குப்பைன்னுதான் கை போகுது. "இதுல ஒண்ணு வேணும் மேடம், மத்தது பழசு"ன்னேன். ஸ்டெல்லா மேடம் ஃபாரத்துல "பேர் இல்லாதவை: 12"ன்னு எழுதிக்கிட்டு, பேனாவை மூடினாங்க.

"பேரே இல்லாத பொருள் நமக்கு எதுக்குங்க, ரெட் டேக் போட்டு பூஜைக்குள்ள காலி பண்ணிடுங்க."

சூடம் காட்டறதுக்குள்ள

வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எங்க பிளான்ட் முழுசா நிக்கும். பிரஸ்ஸையெல்லாம் டீசல் போட்டுத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காயும் பொரிகடலையுமா கல்யாண வீடு மாதிரி இருக்கும். சர்வருக்கும் பொட்டு உண்டு. நான் கெஞ்சிக் கிடைக்காத ரெண்டு மணி நேரம் அன்னிக்குத்தான் எனக்குத் தானா கிடைச்சுச்சு. பிரசன்னா புது ஃபைல் அனுப்பியிருந்தாரு. சந்தோஷமா உக்காந்து, ஒரு புதுப் பெட்டி செஞ்சு, அதுக்கு "புகார்"னு பேரும் வச்சேன்.

இப்ப பழைய பன்னெண்டுல எது கடைசியா ஓடினதோ, அதுலேருந்து இதுக்குக் காப்பி பண்ணணும். எல்லாத்துலயும் டேட்டா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தேதி வரைக்கும். பூஜைக்காக சாஃப்ட்வேரை நிறுத்தியாச்சு, எந்த ரூமோட எந்தப் பெட்டி சேந்து ஓடுச்சுன்னு பாக்கறதுக்கு முன்னாடியே பழைய ரூமையும் கலைச்சுட்டேன். சரி, எது பெருசோ அதுதான் புதுசுன்னு எடுத்தேன். அது ஜூலை மாசத்துப் பெட்டி. அது ஏன் பெருசுன்னா, மத்ததை விட ரொம்ப நாள் ஓடின பெட்டி அது, பிரசன்னா எழுதின தினசரி பேக்கப் அதுக்குள்ளயே குவிஞ்சு கிடந்துச்சு. ஆமா, பேக்கப்! வீட்டுச் சாவியோட டூப்ளிகேட்டை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டின மாதிரி, எந்தப் பெட்டியோட பேக்கப்பும் அந்தந்தப் பெட்டிக்குள்ளயேதான் இருந்துச்சு. இது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

காப்பி பண்ணிட்டுத் திறந்து பாத்தேன். மெஷின் பேரு வந்துச்சு, ஆபரேட்டர் பேரு வந்துச்சு, வரிவரியா பதிவு வந்துச்சு. தேதியை மட்டும் பாக்கல. ஸ்டெல்லா மேடம் கதவைத் திறந்து, "சூடம் ஏத்தப் போறாங்க, வாங்க, வாங்க"ன்னாங்க. பழைய பன்னெண்டையும் அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை போட்டேன். நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்னு போட்டேன். போய் விபூதி வச்சுக்கிட்டு, பொரி வாங்கிக்கிட்டேன். மறுவாரம் எனக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு. ரகுநாதன் சார் குடுக்க, எல்லாரும் கைதட்ட, ஸ்டெல்லா மேடம் மைக்குல அறிவிச்சாங்க:

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் ஐடி ரூம், உள்ளயும் வெளியேயும் ஒரு குப்பை கிடையாது!"

ஒரு லைன்

பூஜைக்குத் துடைச்சதுல லைட் கர்ட்டன் கண்ணாடியில இருந்த எண்ணெய் போயிடுச்சு போல, பதினோராம் நம்பர் ஒரு வாரம் கை உள்ள போனா ஒழுங்கா நின்னுச்சு. அதனால ஏழுமலை அண்ணனும் அமுக்கல. பத்தாவது நாள், காலையில டீ முடிஞ்சு எல்லாரும் லைனுக்குப் போன நேரம். எங்களுக்கு அந்த பிரஸ் சத்தம் பழகிப்போச்சு, அது நின்னாதான் காது கேக்கும். நின்னுச்சு. அப்புறம் ஒரு ஆள் கத்தற சத்தம். நான் ஓடிப்போனப்ப அவரைத் தூக்கிக்கிட்டு வெளியே போறாங்க, கையைத் துணியால சுத்தியிருந்தாங்க. வலது கையில ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயிடுச்சு.

சாயங்காலத்துக்குள்ள தினகரன் எழுதிக் குடுத்துட்டாரு: ஏழுமலை டார்கெட்டுக்காக லைட் கர்ட்டனை அணைச்சுட்டு ஓட்டினாரு, கோளாறு எதுவும் அவர் சொன்னதே இல்ல. எனக்கு ரத்தம் கொதிச்சுது. அடப்பாவி, நாலு வரி இருக்குடா என்கிட்ட! ரகுநாதன் சார் கையெழுத்தாவது மண்ணாவது, பிரின்ட் எடுத்துடறதுன்னு சிஸ்டத்தைத் திறந்தேன். பதினோராம் நம்பர்னு போட்டுத் தேடினேன். ஜூலையோட நின்னுச்சு. திரும்பத் தேடினேன். எல்லா மெஷினும் ஜூலையோட நின்னுச்சு. அப்புறம் பூஜைக்கு அடுத்த நாள்லேருந்து. நடுவுல ஒண்ணுமே இல்ல. எனக்கு அந்த டிபன் கேரியர்தான் ஞாபகம் வந்துச்சு.

திரும்பினா ஸ்டெல்லா மேடம் பின்னாடி நிக்கறாங்க. "இருக்கா?"ன்னு கேட்டாங்க. "இல்ல மேடம்... ஆனா இருந்துச்சு மேடம், நான்தான்..."ன்னு இழுத்தேன். அவங்க என்னை முழுசா சொல்ல விடல. கான்ட்ராக்ட் புதுப்பிக்கற மாசம் அது. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். பயந்தேன், வேற காரணமே இல்ல. அவங்க வெள்ளைப் பேப்பரை நகத்தினாங்க, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவங்க கேட்டது இவ்வளவுதான்:

"எதுவும் இல்லன்னா ரொம்ப நல்லது, 'சிஸ்டத்துல பதிவு எதுவும் இல்லை'ன்னு ஒரே ஒரு லைன் எழுதிக் குடுங்க, போதும்."

பதினேழாம் பக்கம்

அந்த வாரம் முழுக்க நான் தூங்கல. சர்வர் டிஸ்க்கைக் காப்பி எடுத்து, லீவு போட்டுட்டு, அழிஞ்ச டேட்டாவை மீட்கற ஒருத்தர்கிட்ட சென்னைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் ரெண்டு நாள் வச்சிருந்துட்டுக் கையை விரிச்சாரு. இந்த ரக டிஸ்க்குல அழிச்ச இடத்தை அதுவே சுத்தம் பண்ணி வச்சுக்குமாம். எங்க பிளான்ட்டை விட ஃபைவ் எஸ்ல கெட்டி.

கடைசி நம்பிக்கையா பிரசன்னாவுக்குப் போன் பண்ணேன். உங்க கம்பெனி சர்வர்ல ஒரு காப்பியாவது இருக்காதான்னு அழாத குறையா கேட்டேன். கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுச்சு. தேடறாருன்னு நினைச்சேன். அவர் தேடினது அவரோட டாக்குமென்ட்டை.

"பெட்டிக்குப் பேர் வைக்கணும்னு நாங்க அப்பவே எழுதிக் குடுத்திருக்கோமே மேடம், பதினேழாம் பக்கம், ரெண்டாவது பாரா."

ட்ரெய்னிங் ஹால்

ஏழுமலை அண்ணன் மேல கம்பெனி போட்ட விசாரணை ட்ரெய்னிங் ஹால்ல நடந்துச்சு. விசாரணை அதிகாரி காஞ்சிபுரத்துலேருந்து வந்த ஒரு வக்கீல், ரொம்ப மரியாதையா "ம்மா, ம்மா"ன்னு பேசறவரு. ஏழுமலை அண்ணன் கட்டுப் போட்ட கையை மேஜை மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. துணைக்கு ஒரு சக தொழிலாளியைக் கூட்டிட்டு வரலாம்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. பக்கத்து நாற்காலி காலியாதான் இருந்துச்சு. லைட் கர்ட்டன் கெட்டுப்போனது லைன்ல அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வரல.

என்னை கம்பெனி சாட்சியா கூப்பிட்டாங்க. "சிஸ்டத்துல ஏழுமலையோட புகார் இருக்காம்மா?" "இல்ல சார். ஆனா இருந்துச்சு. நாலு தடவை. நான் என் கண்ணால பாத்தேன். பூஜை அன்னிக்குத் தப்பான பெட்டியை எடுத்துட்டு, சரியான பெட்டியை நான்தான் அழிச்சேன்." தினகரன் தரையைப் பாத்தாரு. ஸ்டெல்லா மேடம் என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. வக்கீல் பக்கத்துல இருந்த டைப்பிஸ்ட்கிட்ட மெதுவா சொன்னாரு: "பதிவு எதுவும் இல்லை என்று சாட்சி கூறினார்."

"சார், நான் சொன்னதை முழுசா போடுங்க"ன்னேன். "கேட்ட கேள்விக்கு பதில் வந்துடுச்சும்மா"ன்னாரு. "முழுசா போடலன்னா இதுல கையெழுத்து போட மாட்டேன்"னேன். என் ஏழு வருஷ சர்வீஸ்ல நான் குரல் உசத்தினது அன்னிக்குத்தான். அவர் கோபப்படவே இல்ல. ஃபைலைத் திறந்து, அதுல குத்தி வச்சிருந்த ஒரு வெள்ளைப் பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டிட்டு, மூடினாரு.

"பரவாயில்லம்மா, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த லெட்டர் இங்க பத்திரமா இருக்கு."

அவர் வூட்டுல

ஏழுமலை அண்ணனுக்கு டிஸ்மிஸ் ஆர்டர் வந்த வாரம், ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போகாம இருந்திருக்கலாம், யாரும் என்னைக் கூப்பிடல. பொண்ணோட நோட்டுல இடது கையால தன் பேரை எழுதிப் பழகிக்கிட்டு இருந்தாரு. பேங்க்குல கையெழுத்து ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். ஒரு பக்கம் முழுக்க "ஏழுமலை, ஏழுமலை"ன்னு கோணல் மாணலா இருந்துச்சு. அவர் சம்சாரம் தண்ணி குடுத்துட்டு, என் முகத்தைப் பாக்காம உள்ள போயிட்டாங்க.

நான் எல்லாத்தையும் சொன்னேன். பெட்டி, பூஜை, தேதி பாக்காதது, எல்லாம். "மன்னிச்சுடுங்கண்ணா"ன்னேன். அவர் கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். "பொட்டி மாறிப்போச்சி, அது ஆவறதுதான், நாங்களும் பிரஸ்ல டை அச்சு மாத்தி மாட்டிகீறோம்"னாரு. "அத்த நான் ஒண்ணும் சொல்லல"ன்னாரு. பேனாவை நோட்டு மேல வச்சாரு. அப்புறம் கேட்டாரு:

"கம்ப்யூட்டருக்குத்தான் மறந்து பூட்ச்சி, உனக்கு மறக்கல இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு மேடம் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட?"

எல்லாம் பச்சை

தண்ணி டம்ளரைக் கீழ வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். பயம்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை அவர்கிட்ட சொல்ல வாய் வரல. என்னை வேலையை விட்டு எடுக்கல. இந்தச் சம்பளத்துக்கு இந்த சர்வரோட மல்லுக்கட்ட வேற ஆள் கிடைக்கலங்கறதுதான் காரணம், பெருமையா ஒண்ணும் இல்ல.

இப்ப எங்க டேட்டாபேஸைப் பாத்தா பிரசன்னாவே வணக்கம் வைப்பாரு. பெட்டிக்குப் பேர் இருக்கு. ரூமை நாளைக்கு ஆயிரம் தடவை கலைச்சாலும் பெட்டி அசையாது. தினமும் பேக்கப், அதுவும் மூணு இடத்துல, ஒண்ணு பிளான்ட்டுக்கு வெளியே. மாசம் ஒரு தடவை அந்த பேக்கப்பை வேற மெஷின்ல ஏத்தி, தேதி வரைக்கும் சரி பாக்கறேன். ஃபைவ் எஸ் ஃபாரத்தை என் ரூமுக்குள்ள விடறதே இல்ல. ஸ்டெல்லா மேடம் கேட்டா, "வெளியே துடைங்க, உள்ள நான் பாத்துக்கறேன்"னு சொல்லிடறேன்.

போன மாசம் அந்த பேக்கப்பைச் சரி பாக்கும்போதுதான் கவனிச்சேன். ஏழுமலை அண்ணன் போனதுக்கப்புறம் ஒரு வரி கூட ஏறல. பேக்கப் தப்போன்னு பயந்து நேரா மெஷினுக்கே போய்ப் பாத்தேன். எல்லா ஸ்க்ரீனும் பச்சை, அதாவது கோளாறே இல்ல. பதினோராம் நம்பர்ல இப்ப இருக்கறவர்கிட்ட, "லைட் கர்ட்டன்ல பிரஸ் ஒழுங்கா நிக்குதாண்ணா?"ன்னு கேட்டேன். ஸ்க்ரீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, கையுறையை மாட்டிக்கிட்டு பிரஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்சாரு. அதுவா நிக்குதா நிக்கலயான்னு நான் அங்கயே கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், எனக்குத் தெரியல. அப்ப ஆடிட்டரைக் கூட்டிக்கிட்டு வந்த ரகுநாதன் சார், என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பா நின்னாரு.

"பாத்தீங்களா மேடம், இவ்வளவு நாளா ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல, நம்ம பிளான்ட் சேஃப்டி எங்கயோ போயிடுச்சு!"

ஆக, என்னை மாதிரி ராத்தூக்கம் கெட்ட சக ஐடி ஜனங்களே, என் டேட்டாபேஸ் இப்ப எதையும் தொலைக்கறதே இல்ல, தொலைக்கற மாதிரி அதுல யாரும் எதையும் போடறதும் இல்ல.